உயிலில் தர்மத்துக்கு எழுதி வைப்பது: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குக் குடும்பமாகச் செய்யும் வழிபாடு), கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வருகிறவர்கள் வந்த வேலையோடு வேலையாகப் பத்திரக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, "தர்மத்துக்குக் கொஞ்சம் எழுதி வைக்கணும், எப்படிங்க?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். படித்துவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

தர்மத்துக்குன்னு தனியா எழுதணுமா? பிள்ளைங்ககிட்ட வாயால சொல்லி வச்சா போதாதா?

போதாது. பிள்ளைகள் நல்லவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. மூன்று பிள்ளைகள் மூன்று ஊரில் இருப்பார்கள், ஒருவர் "அப்பச்சி பசுமடத்துக்குன்னு சொன்னாங்க" என்பார், இன்னொருவர் "இல்லை, பள்ளிக்கூடத்துக்கு" என்பார், மூன்றாமவருக்கு அந்தப் பேச்சே தெரிந்திருக்காது. வாயால் சொன்னதைச் செய்தே ஆகவேண்டும் என்று சட்டப்படி யாரையும் கேட்கவும் முடியாது. எழுதாமல் போனால் சொத்து வாரிசுச் சட்டப்படி பிரியும், அந்தக் கணக்கில் தர்மத்துக்குப் பங்கே கிடையாது.

நம் பக்கத்தில் வியாபாரத்தில் தர்மத்துக்கான பங்கை மகமை என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் லாபம் பார்ப்பார்கள். சொத்திலும் அதையே செய்யச் சொல்கிறேன்.

உயில் எழுத பத்திரத்தாள் வேணுமா? ரிஜிஸ்தர் கட்டாயமா?

இரண்டும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலே செல்லும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போடுவதைப் பார்த்த சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63 கேட்பது இவ்வளவுதான். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது.

ஆனாலும் தர்மத்துக்கு ஒரு பங்கு எழுதுகிறீர்கள் என்றால் ரிஜிஸ்தர் செய்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வெளியாருக்குச் சொத்து போகிறது என்றாலே "அப்போ அவங்களுக்குச் சுயநினைவே இல்லை" என்ற பேச்சு வரும். சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து விரல்ரேகை வைத்த உயிலை அப்படிச் சொல்லித் தள்ளுவது சிரமம். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாக இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே.

"மீதியைத் தர்ம காரியங்களுக்குச் செலவிடவும்"னு ஒரு வரி எழுதினா போதுமா?

இந்த ஒரு வரியால்தான் நல்ல மனதோடு எழுதிய உயில்கள் கெட்டுப்போகின்றன. வெறுமனே "தர்மத்துக்கு" என்று எழுதிவைத்தது தெளிவில்லாதது, ஆகவே செல்லாது என்று 1899இலேயே, அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தர்மம் என்றால் கோயிலா, குளமா, ஏழைக்குச் சோறா, உறவுக்காரருக்கு உதவியா என்று கோர்ட் தானாக முடிவெடுக்க முடியாதாம்.

அதனால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று மூன்றும் இருக்க வேண்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்: "என் கடன்களும் ஈமச்சடங்குச் செலவும் போக, என் வங்கி வைப்புத்தொகையில் மீதமுள்ளதில் நூற்றுக்குப் பத்துப் பங்கை, இன்ன தெருவில் இன்ன பதிவு எண்ணுடன் இயங்கும் இன்ன அறக்கட்டளைக்கு, ஏழை மாணவர் கல்விக்காகவோ மருத்துவத்துக்காகவோ பயன்படுத்தக் கொடுக்கவும். அப்போது அந்த அறக்கட்டளை இயங்காவிட்டால் இன்ன நிறுவனத்துக்கு அதே நோக்கத்துக்குக் கொடுக்கவும்." அறக்கட்டளையின் பான் எண்ணையும் சேர்த்துவிட்டால் பெயர்க்குழப்பம் வராது, ஒரே சாமி பெயரில் பத்து டிரஸ்ட் இருக்கிற ஊர் நம் ஊர்.

தொகையாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள். இன்று பத்து லட்சம் என்று எழுதிவிட்டு, கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவில் கையிருப்பு பன்னிரண்டு லட்சமாகக் குறைந்துபோனால் மனைவிக்கு மிஞ்சுவது இரண்டுதான். சதவீதம் என்றால் ஏறினாலும் இறங்கினாலும் எல்லோருக்கும் ஒரே விகிதம்.

எவ்வளவு எழுதலாம்? எல்லாத்தையும் எழுதிட்டா பிள்ளைங்க கேஸ் போட மாட்டாங்களா?

சுயசம்பாத்தியச் சொத்து என்றால் ஒரு இந்து அதை முழுவதும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும் எழுதலாம், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 30 அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது மகள்களை விட்டுவிடாதீர்கள், தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த திருத்தங்களால் அவர்களுக்கும் சம உரிமை உண்டு. ஆனால் உங்களை நம்பியிருக்கும் மனைவி, வயதான தாய் தகப்பன், கல்யாணமாகாத மகள் போன்றவர்களை ஒன்றுமில்லாமல் விட்டால் அவர்கள் உங்கள் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம். நான் எப்போதும் சொல்வது, முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு வழி செய்யுங்கள், அப்புறம் தர்மம்.

முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு எழுதுவதில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 118 என்று பழைய கட்டுப்பாடு ஒன்று இருந்தது, 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

கேஸ் வராமல் இருக்க நல்ல வழி, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிடுவது. உயிலைப் பிரித்துப் படிக்கும் நாளில் முதல்முறையாகக் கேள்விப்படும்போதுதான் கோபம் வருகிறது.

வளவு வீட்ல எனக்கு இருக்கிற பங்கை மட்டும் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆசிரமத்துக்கோ எழுதலாமா அண்ணே?

அடிக்கடி வருகிற கேள்வி, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பாட்டன் கட்டிய வீட்டில் இன்று பத்து, இருபது பங்காளிகள். ஒருவருக்கு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒரு இரட்டை அறையும் அதற்கு மேலே மாடியும், வீட்டின் முன்பகுதியான முகப்பும் பட்டாலையும் எல்லோருக்கும் பொது, சாவி உள்ளூரில் இருக்கும் ஒருவரிடம். வருஷத்தில் இரண்டு நாள் திறப்பார்கள். இதில் "என் பங்கு" என்பது பல வீடுகளில் பத்திரத்தில் ஒரு பின்னம்தான், கோடு போட்டுப் பிரித்த இடம் இல்லை.

அந்தப் பின்னத்தை அறக்கட்டளைக்கு எழுதத் தடையில்லை. ஆனால் வாங்கியவருக்கு அதனால் என்ன பயன்? குடும்ப வீட்டில் பிரிபடாத பங்கை வெளியார் ஒருவர் பெற்றால், கூட்டாக அனுபவிக்கும் உரிமை அவருக்கு வராது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 44. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று பங்காளிகள் கேட்கலாம், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆக, நீங்கள் கொடுத்த தர்மம் ஒரு வழக்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும். எந்த நிறுவனமும் இதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளாது.

செய்யக்கூடியது இரண்டு. பங்கை ஒரு பங்காளிக்கே விலைக்குக் கொடுத்து அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பது ஒன்று. எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து முழு வீட்டையும் ஒரு நூலகத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ எழுதிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது நடந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். பங்கு தீராமல் பூட்டிக்கிடக்கும் வீட்டின் தேக்குத் தூணும் நிலையும் கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஆத்தங்குடிக் கல் பதித்த அந்தத் தரையில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தர்மத்துக்கு எழுதினா வரி மிச்சமாகுமா?

உயிலில் எழுதுவதால் ஒரு ரூபாய் கூட மிச்சமாகாது. இறந்தவர் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் டியூட்டி இந்தியாவில் 1985லேயே போய்விட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் "உயிலில் சாரிட்டி வைத்தால் வரி குறையும்" என்பது அந்த ஊர்க் கணக்கு.

80ஜி என்று எல்லோரும் சொல்கிற வருமான வரிக் கழிவு, உயிரோடு இருக்கும்போது கொடுப்பதற்குத்தான். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், புதிய முறையில் கிடையாது. நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை, அரிசி, நகை, நிலம் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. கழிவு கிடைக்கும் என்பதற்காகத் தர்மம் செய்பவர்கள் இங்கே குறைவு. கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உயிரோட இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துட்டு, நான் இருக்கிறவரைக்கும் அதுலயே குடியிருக்க முடியுமா?

முடியும். செட்டில்மெண்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி, "என் ஆயுள்காலம் வரை நானும் எனக்குப் பின் என் மனைவியும் அனுபவித்துவர வேண்டியது, அதன் பின் முழு அனுபவமும் அறக்கட்டளைக்கு" என்று வாசகம் வைப்பார்கள். இதற்கு ரிஜிஸ்தர் கட்டாயம், இரண்டு சாட்சியும் வேண்டும். வாங்கும் அறக்கட்டளை உங்கள் காலத்திலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை இதற்குக் கிடையாது, செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்ட் அப்படியில்லை, மனசு மாறிவிட்டது என்று ரத்து செய்ய முடியாது. எழுபது வயதில் கையில் வேறு சேமிப்பு இல்லாதவர்கள் ஒரே வீட்டை இப்படி எழுதுவதை நான் தடுக்கத்தான் பார்ப்பேன். உயில் போதும் அவர்களுக்கு.

வசதி உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதுதான் நல்லது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா. அழகப்பர் இறந்தது 1957இல், கொடுத்தது என்னவாக வளர்கிறது என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போனார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு என் பணம் யாருக்குப் போகும்? நான் எழுதலாமா?

இப்படிக் கேட்கும் ஆச்சிகளுக்கு நான் சொல்லும் முதல் பதில், இந்த மாதமே எழுதுங்கள் என்பதுதான். இந்துப் பெண் ஒருவர் கணவரும் பிள்ளையும் இல்லாமல், உயிலும் எழுதாமல் இறந்தால், தாய் தகப்பன் வழி வந்த சொத்து தகப்பனின் வாரிசுகளுக்குப் போகும். கணவர் வழி வந்ததும், அவரே சம்பாதித்ததும்கூட, கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கோ, நீங்கள் மாதாமாதம் அரிசி வாங்கிக் கொடுத்த இல்லத்துக்கோ எதுவும் போகாது. உயில் இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

சுவீகாரம் எடுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, கூட்டிய பிள்ளைதான் வாரிசு. அப்போதும் தர்மத்துக்கு என்று ஒரு பங்கு வேண்டுமானால் எழுதத்தான் வேண்டும். கழுத்திரு (நம் பக்கத் திருமாங்கல்ய மாலை), வைர நகை எல்லாம் இருந்தால், யாருக்கு எந்த நகை, எதை விற்றுத் தர்மத்தில் சேர்க்க வேண்டும் என்று எடையோடு ஒரு பட்டியல் போடுங்கள்.

பேங்க் டெபாசிட்டுக்கு அறக்கட்டளையையே நாமினியா போட்டுட்டா வேலை முடிஞ்சிடுமே?

வங்கி டெபாசிட்டுக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும். மியூச்சுவல் ஃபண்டில் தர்ம, சமய அறக்கட்டளையையும் நாமினியாகப் போட இடமிருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர், சொந்தக்காரர் இல்லை. இன்சூரன்சுக்கு 1984லும் பங்கு, மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 2023லும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அதனால் நாமினியும் உயிலும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில்ல ஒரு லட்சம் கட்டி, வருஷாவருஷம் அன்னதானக் கட்டளை வைக்கலாம்னு இருக்கேன். சரிதானே?

முதலைக் கட்டி அதன் வட்டியில் நடத்தும் கட்டளை நல்ல காரியம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 7,000, மாதத்துக்கு 583 ரூபாய். விலைவாசி வருஷம் ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் அந்த 7,000 பாதிக்குச் சமம். நம் கோயில் சுவர்களில் பதித்திருக்கும் பழைய கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள், சில நூறு ரூபாய் முதலுக்கு நந்தா விளக்கும் நைவேத்தியமும் ஏற்பாடு செய்திருப்பார்கள். அன்று அது பெரிய பணம். இன்று அந்த வட்டியில் ஒரு நாள் எண்ணெய் வாங்க முடியாது.

இரண்டு வாசகம் சேர்த்தால் கட்டளை நீடிக்கும். வட்டியில் நாலில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துவர வேண்டும் என்பது ஒன்று. "தினமும் இத்தனை பேருக்கு" என்று கட்டாமல் "கிடைக்கும் வட்டிக்கு ஏற்ப" என்று எழுதுவது இன்னொன்று. ரசீதில் கட்டளையின் பெயரும் நோக்கமும் இருக்க வேண்டும், வெறும் நன்கொடை ரசீது வாங்கிவந்துவிட்டால் அது பொதுச்செலவில் போய்விடும். அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதிலும் இதே கதைதான், முதலாகவே இருக்க வேண்டும் என்றால் "கார்ப்பஸ்" என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

எங்க அப்பச்சி பேர்ல நாங்களே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா என்ன?

ஆரம்பிப்பது சுலபம், பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்தால் டிரஸ்ட் பிறந்துவிடும். அப்புறம் பான், வருமான வரிப் பதிவு, அதைப் புதுப்பிப்பது, வருஷாவருஷம் கணக்குத் தாக்கல், வரம்பைத் தாண்டினால் தணிக்கை, வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற விதி. இதையெல்லாம் முப்பது வருஷம் கழித்து யார் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு பெயர் சொல்ல முடிந்தால் ஆரம்பியுங்கள்.

சொல்ல முடியாவிட்டால், ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் ஒரு பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ அப்பச்சி பெயரில் ஒரு நிதி வையுங்கள். பெயரும் நிற்கும், வேலையும் நடக்கும். அரசுப் பள்ளிக்குச் செய்ய ஆசையிருந்தால் 2022இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகக் கொடுக்கலாம். புது டிரஸ்ட் ஒன்றைவிட, ஆள் இல்லாமல் தள்ளாடும் பழைய டிரஸ்ட் ஒன்றுக்குப் பணமும் ஒரு இளவட்டப் பொறுப்பாளரும் கொடுப்பது பெரிய தர்மம் என்று நான் நினைக்கிறேன்.

என் மகன் மலேசியாவில இருக்கான். அவன் இங்க இருக்கிற டிரஸ்டுக்கு நேரா பணம் அனுப்பலாமா?

அவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகனாக அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நிதிதான். அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ஊர் டிரஸ்டுகள் பலவற்றில் இந்தப் பதிவு இருக்காது. நல்லெண்ணத்தில் அனுப்பிவிட்டு அவர்களை மாட்டிவிடாதீர்கள்.

படைப்புக்கும் முன்னோர் சமாதிக்கும் நிரந்தரமா சொத்து எழுதலாமா?

படைப்பு குடும்பத்துக்குள் நடப்பது, சட்டத்தின் கண்ணில் பொதுத் தர்மம் ஆகாது. பொதுத் தர்மத்துக்குத்தான் காலவரம்பில்லாமல் சொத்தைக் கட்டிவைக்க முடியும். சமாதி வழிபாட்டுக்காக என்றென்றைக்கும் சொத்து எழுதிவைத்தது செல்லாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்குதான். படைப்புக்குப் பங்காளிகள் சேர்ந்து ஒரு டெபாசிட் போட்டு, முறை வைத்து நடத்துவது போதும். உயிலில் அதையும் தர்மத்தையும் ஒரே பத்தியில் கலந்து எழுத வேண்டாம், ஒன்று அடிபட்டால் மற்றதும் தள்ளாடும்.

நான் எழுதின நிறுவனம் பின்னாடி மூடிட்டா, இல்ல வேற கைக்குப் போயிட்டா?

அதற்காகத்தான் மூன்றாவது கேள்வியின் மாதிரி வாசகத்தில் "இயங்காவிட்டால்" என்று ஒரு வரி வைத்தேன். அது இல்லாவிட்டாலும், பொதுத் தர்மம்தான் உங்கள் எண்ணம் என்பது தெளிவாக இருந்தால், அதற்கு நெருங்கிய வேறு நோக்கத்துக்கு மாற்றிவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நிர்வாகம் கெட்டுப்போனால், சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து அனுமதி வாங்கி சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 92இன் கீழ் வழக்குப் போடலாம்.

கை மாறுவதாலேயே எல்லாம் போய்விடாது. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. வகுப்புகள் இன்றும் நடக்கின்றன.

அந்த ஆசிரமத்துக்காரரே வந்து உயில் எழுதித் தர்றேங்கிறார், சாட்சியும் அவரே கொண்டு வர்றாராம். விட்டுடலாமா?

வேண்டாம். பலன் அடைகிறவரே உயில் எழுதுவதில் முன்நின்றால் அது சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் என்று 1959லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் உயிலுக்கு அது பலவீனம். உங்கள் வக்கீல், உங்கள் சாட்சிகள், நீங்கள் வரச்சொன்ன நாள். வற்புறுத்துகிற நிறுவனத்துக்கு நான் எழுதமாட்டேன்.

உடல் தானத்தையும் உயில்லயே எழுதிடலாமா?

உயிலைப் பெரும்பாலும் காரியமெல்லாம் முடிந்துதான் பிரிப்பார்கள், கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதனால் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் கொடுத்துவிட்டு, அதன் நகலை வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். கடைசியில் ஒப்படைப்பது குடும்பம்தான், அவர்கள் சம்மதம் இல்லாமல் நடக்காது.

உயிலை எங்க வைக்கிறது? யார் நிறைவேத்துவாங்க?

உயிலிலேயே ஒரு எக்ஸிக்யூட்டரை நியமியுங்கள். கடன் அடைப்பது, நகை விற்பது, அறக்கட்டளைக்குப் பணம் கட்டி ரசீது வாங்குவது எல்லாம் அவர் வேலை. உங்களைவிட இளையவராக இருக்க வேண்டும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அவரால் முடியாவிட்டால் அடுத்தவர் யார் என்றும் எழுத வேண்டும். பணம் பெறப்போகும் அறக்கட்டளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தங்களுக்குப் பணம் வர வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, லாக்கரைத் திறக்கவே உயில் வேண்டும் என்ற நிலைக்குக் குடும்பத்தை ஆளாக்காதீர்கள். ரகசியமாக இருக்க வேண்டும் என்றால் சீல் வைத்த உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், உங்கள் காலத்துக்குப் பின் விண்ணப்பம் போட்டால் பிரித்து நகல் கொடுப்பார்கள். ஒப்படைத்த ரசீதை எக்ஸிக்யூட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.